பத்து விநாடிக் கஞ்சத்தனம்

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது, மரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். அதில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு வரும்போது பேஸ் சுத்தமாகக் காணாமல் போயிருக்கும். மிச்சமெல்லாம் கரகரவென்று காதைத் துளைக்கும். 'என்னய்யா சவுண்டு இது' என்று டவுனிலிருந்து வந்த ஆசாமிகள் முகம் சுளிப்பார்கள்.

கிட்டத்தட்ட இதே ரகக் கரகரப்புதான் நியூயார்க் ஹிப்-ஹாப் இசையின் அடையாளமாகி, ஏகப்பட்ட டாலர்களைச் சம்பாதித்தது என்றால் நம்புவீர்களா?

பழைய ரெக்கார்டிலிருந்து இரண்டு விநாடி டிரம்ஸை வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேல் ராப் பாடுவதற்கு சாம்ப்ளிங் என்று பெயர். இதற்காக 1987-ல் கலிஃபோர்னியாவின் ஈமு நிறுவனம் எஸ்பி-1200 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. சிடியில் ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்துக்கொள்வார்கள். இந்தப் பெட்டி அளந்தது சுமார் 26,000 தடவை, படிகள் வெறும் 4,096. சிடி நைஸ் மைதா என்றால், இது ரவை.

அதைவிடக் கொடுமை, மெமரி. மொத்தமே பத்து விநாடிதான்! சிப் யானை விலை விற்ற காலம் அது.

பையன்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். 33 வேகத்தில் சுழல வேண்டிய எல்.பி. ரெக்கார்டை 45-ல் கீச்சுக் குரலில் ஓடவிட்டுப் பதிவு செய்துகொண்டு, பெட்டிக்குள் மறுபடி வேகத்தைக் குறைத்தார்கள். பத்து விநாடி இடத்தில் பதின்மூன்றரை விநாடி சரக்கு! கணக்கு இடித்தது ஒரே இடத்தில்தான். பாட்டை இழுக்கும்போது விழுகிற இடைவெளியை நிரப்ப, பெட்டி கையிலிருந்த அளவுகளையே திருப்பிப் போட்டுச் சமாளித்தது. அதனால் மூல ரெக்கார்டில் இல்லாத ஓர் உலோகக் கரகரப்பு ஒட்டிக்கொண்டது. ஊசியின் பொரிச்சல் சத்தம் வேறு. எஞ்சினீயர் பார்வையில் இதெல்லாம் கோளாறு. பீட் ராக் போன்றவர்கள் காதில் அதுதான் சங்கீதம்! பின்னால் மெமரி கொட்டிக் கிடந்தபோதும் இந்தப் பெட்டியைக் கைவிட மனசில்லை. 2021-ல் அதை வடிவமைத்த டேவ் ராஸமே மறுபடி தயாரித்து, சில ஆயிரம் டாலர் விலை வைத்தார். அந்த 12 பிட் ரவையில் மட்டும் கை வைக்கவில்லை.

சரி, வெட்டி எடுத்த பாட்டின் சொந்தக்காரர்? ஓசி விருந்து எத்தனை நாள் நடக்கும்! 1991-ல் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் மீது, கில்பர்ட் ஓசுல்லிவன் பாட்டை எடுத்ததற்காக வழக்கு. 'திருடாதே' என்கிற பைபிள் கட்டளையோடுதான் நீதிபதி தீர்ப்பையே ஆரம்பித்தார். அன்றிலிருந்து அனுமதி வாங்கு, காசை எடு. நியாயம்தான். ஆனால் காசில்லாத பையன்கள் ஆரம்பித்த கலை, வக்கீல் வைத்துக்கொள்ள முடிந்தவர்களின் கலையாகிவிட்டதே!

யாரும் தொடாத ரெக்கார்டைத் தோண்டி எடுப்பது இந்தத் தொழிலில் பெரிய கௌரவம். தோண்டியவர்கள் கோடம்பாக்கத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். ரஜினியின் 100-வது படமான 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985) படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டு, 2003-ல் பிளாக் ஐட் பீஸ் குழுவின் 'எலிஃபங்க்' ஆல்பத்தில் ஒலித்தது. 2007-ல் 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு'. இந்த முறை எடுத்தவர் நம்ம பொண்ணு, மாயா அருள்பிரகாசம் என்கிற எம்.ஐ.ஏ. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாக லண்டன் போனவர். முதல் ஆல்பத்தின் பாட்டுகளை ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரே பெட்டியில் தட்டித் தட்டி உருவாக்கியவர்.

இரண்டாவது ஆல்பத்தில் 'பேர்ட் ஃப்ளூ' பாட்டுக்காகச் சென்னைக்கே வந்து உறுமி மேளக்காரர்களைப் பதிவு செய்தார். உறுமிக்கு எஸ்பி-1200 தேவையே இல்லை. வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்தால் கரகரப்பு தானே வரும். நம்மூர்த் திருவிழாவில் இரைச்சல் என்று காதைப் பொத்திக்கொள்கிற அதே சத்தத்தை, மெருகு போடாமல் அப்படியே ஆல்பத்தில் வைத்தார். முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயரைச் சூட்டி 'அருளர்' என்றவர், இதற்கு வைத்த பெயர் 'கலா'. அது அம்மாவின் பெயர்.