டவர் சிக்னலும் மின்சாரமும்: தப்தீர் ஒரு பக்கம், இஸ்ராஃப் மறுபக்கம்

மைக் வருவதற்கு முன் கட்டப்பட்ட பள்ளிவாசல்களில் மிஹ்ராபைக் கவனித்திருப்பீர்கள். இமாம் ஜமாஅத்துக்கு முதுகு காட்டி, கிப்லாவை நோக்கி நின்று ஓதுகிறார். குழிவான அந்த மாடம் அவர் குரலை வாங்கி, பின்னால் நிற்கும் ஸஃப்களின் பக்கம் திருப்பி விடுகிறது. இமாம் கத்த வேண்டியதில்லை. 5ஜி டவரில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். சிக்னலை நாலா பக்கமும் இறைக்காமல், ஒரு கற்றையாகத் திரட்டி, பேசுகிற கைபேசியின் திசைக்கு அனுப்புகிறார்கள். இதை பீம்ஃபார்மிங் என்பார்கள்.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளை வீடியோ காலில் வரும்போது படம் அப்படியே நின்று விட்டால், கீழ்பென்னாத்தூர் பக்கம் நாம் உடனே சொல்வது, "டவர்ல பவரைக் குறைச்சுட்டான்." பவரைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம். ஆனால் 1948-ல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கர் வகுத்த கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. இரைச்சலை விட சிக்னல் 15 மடங்கு வலுவாக இருந்தால், ஒரு ஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் நொடிக்கு அதிகபட்சம் 4 பிட் அனுப்பலாம். 8 பிட் வேண்டுமானால் 30 மடங்கு போதாது. 255 மடங்கு வேண்டும். வேகம் இரட்டிப்பாவதற்கு 17 மடங்கு மின்திறன். போதாக்குறைக்கு, நம் டவர் கூட்டிய பவர் பக்கத்து ஊர் டவருக்கு இரைச்சலாகப் போய்ச் சேரும்.

பவரைக் கூட்டாமல் வேறு வழி தேடியவர்களில் முக்கியமானவர் நம் தமிழ்நாட்டுக்காரர். 1944-ல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், 15 வயதில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தவர். கடலுக்கடியில் நீர்மூழ்கிகளை ஒலியால் கண்டுபிடிக்கும் 'அப்சோ' என்ற சோனார் கருவியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். பல உணர்விகளை வரிசையாக வைத்து, எந்தத் திசையிலிருந்து ஒலி வருகிறது என்று பிரித்தறிவது சோனாரின் வேலை. பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வானொலி அலைகளில் ஆய்வு செய்தார். ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், பல ஆன்டெனாக்கள் வழியே தனித்தனித் தகவல்களை அனுப்பலாம் என்ற அவருடைய யோசனைக்கு 1994-ல் காப்புரிமை கிடைத்தது. அதுதான் மைமோ. இன்று 4ஜி, 5ஜி, வீட்டு வைஃபை எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. 2010-ல் பத்மபூஷண், 2014-ல் மார்க்கோனி பரிசு பெற்ற அவர் பெயர் நம் பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரியாதது வருத்தம்தான்.

கற்றை எப்படி உருவாகிறது? பல ஆன்டெனாக்களிலிருந்து ஒரே சிக்னலை நுட்பமான கால வித்தியாசத்தோடு விடுகிறார்கள். அலைகள் ஒரு திசையில் கைகோத்துக் கூடுகின்றன, மற்ற திசைகளில் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கின்றன. இந்தியாவில் 2022 அக்டோபர் 1-ல் தொடங்கப்பட்ட 5ஜி சேவைக்குப் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் ஓர் அலையின் நீளம் சுமார் 9 சென்டிமீட்டர். ஆன்டெனாக்களை அதில் பாதி தூரத்தில் வைத்தால் போதும் என்பதால், 8-க்கு 8 என்று 64 ஆன்டெனாக்கள் ஒரு முழ அகலப் பலகையில் அடங்கிவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலையோ 43 சென்டிமீட்டர். அது தூரமாகப் போகும், சுவருக்குள்ளும் நுழையும். ஆனால் இத்தனை ஆன்டெனாக்களைச் சிறு பலகையில் அடுக்க இடம் தராது.

அப்படியானால் ஆன்டெனா எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா? இங்கேதான் மீஸான், அளவு, தேவைப்படுகிறது.

ஒரு கைபேசிக்குத் தேவையான தரத்தில் சிக்னல் கொடுக்க, ஒற்றை ஆன்டெனா 64 வாட் வீச வேண்டும் என்று வையுங்கள். ஆன்டெனா இரண்டானால் 32 வாட் போதும், எட்டானால் 8 வாட், 64 ஆனால் வெறும் 1 வாட். கேட்கவே இனிக்கிறது. ஆனால் ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் பின்னால் பெருக்கி, மாற்றி என்று ஒரு மின்சுற்று ஓடுகிறது. கணக்குக்காக அது 1 வாட் தின்கிறது என்போம். ஒற்றை ஆன்டெனாவுக்கு மொத்தச் செலவு 65 வாட். எட்டுக்கு 16. அறுபத்து நான்குக்கு? மறுபடியும் 65! நடுவில் எட்டில்தான் செலவு மிகக் குறைவு. நிஜ டவரில் எண்கள் வேறு. வளைவின் வடிவம் இதே.

ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு இதில் ஒரு பழைய வேறுபாடு தெரியும். தேவையே இல்லாத இடத்தில் கொட்டுவது தப்தீர். தேவையான இடத்தில் அளவு மீறுவது இஸ்ராஃப். ஒற்றை ஆன்டெனா ஆளில்லாத வயலுக்கும் பாறைக்கும் சிக்னல் வீசுவது முதல் வகை. ஒரே ஒரு கைபேசிக்காக 64 சுற்றுகளையும் ஓட விடுவது இரண்டாம் வகை. மின்கட்டணத்தில் இரண்டும் ஒன்றுதான்.

64 ஆன்டெனாவுக்கும் ஒரு நாள் உண்டு. பௌர்ணமி கிரிவலத்துக்கோ கார்த்திகை தீபத்துக்கோ லட்சக்கணக்கானோர் கூடும் திருவண்ணாமலையை நினையுங்கள். அங்கே ஒரே அலைவரிசையில் பலருக்குத் தனித்தனிக் கற்றை விட வேண்டும். ஒருவரின் கற்றை அடுத்தவர் மேல் விழாமல் தவிர்ப்பதற்கே சிக்னல் வலுவில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும். இருவரும் ஒரே திசையில் நெருங்கி நின்றால் இழப்பு இன்னும் அதிகம். ஆன்டெனா கூடக்கூட அந்த இழப்பு குறைகிறது. செலவாகும் மின்சாரமும் பல பேருக்குப் பகிரப்படுகிறது. அதே பலகையை இங்கே இரவு இரண்டு மணிக்கு முழுதாக ஓட்டுவதற்கு நியாயம் இல்லை. ஆகவே ஆளில்லாத நேரத்தில் பாதி ஆன்டெனாக்களைத் தூங்க வைக்கும் முறைகள் வந்துள்ளன. உலகக் கைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, 2024-ல் முடித்த 18-வது பதிப்பில் இதற்கான விதிகளைச் சேர்த்திருக்கிறது. மின்வெட்டில் பேட்டரியிலும் டீசலிலும் ஓடும் கிராமத்து டவருக்கு, மிச்சமாகும் ஒவ்வொரு வாட்டும் சிக்னல் இன்னும் சற்று நேரம் நிற்பதற்கு உதவும்.

கடைசியாக, நம் கையில் இருப்பது. டவரைப் போலவே கைபேசியும் சிக்னல் வீசுகிறது. 4ஜி கைபேசி பொதுவாக அதிகபட்சம் 200 மில்லிவாட் வரை வீசும். டவர் தெளிவாகக் கேட்டால் தானே குறைத்துக்கொள்ளும், கேட்காவிட்டால் உச்சத்துக்குப் போகும். தடித்த சுவருக்குள், உள்ளறையில் உட்கார்ந்து பேசும்போது பேட்டரி சீக்கிரம் இறங்குவதும் போன் சூடாவதும் அதனால்தான். பிள்ளையின் அழைப்பு வரும்போது ஜன்னலோரமோ மாடிப்படியிலோ போய் நின்றுகொள்ளுங்கள். வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை காலிங்கை ஆன் செய்துவிடுங்கள்.