போருக்கு முந்தின நாள்

கையில் துடைப்பத்தோடு நிற்கும் புனித மார்ட்டின் தெ போரஸை நம் பங்குகளில் அறியாதவர் குறைவு. நவம்பர் 3-ஆம் நாள் அவர் விழா. அதிலிருந்து எட்டாம் நாள், நவம்பர் 11 அன்று, அதே பெயர் கொண்ட வேறொரு மார்ட்டினைத் திருச்சபை நினைவுகூர்கிறது. குதிரைமேல் அமர்ந்து, வாளால் தம் மேலாடையை இரண்டாகக் கிழித்து, குளிரில் நடுங்கும் ஏழைக்குப் பாதியைக் கொடுக்கும் உரோமைப் படைவீரராக ஓவியர்கள் அவரைத் தீட்டினர். தூர் நகரின் ஆயராக இருந்து 397-இல் இறந்தவர் அவர். மேலாடை நிகழ்ச்சி மறையுரைகளில் அடிக்கடி கேட்கப்படுவது. அவர் படையை விட்டு விலகிய நாளைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். விலகுவதற்குத் தகுந்த நாள் அன்று என்று யாருக்கும் தோன்றியிருக்காது, மறுநாள் போர்.

மார்ட்டினின் வாழ்க்கையை எழுதியவர் சுல்பிசியுஸ் செவேருஸ் என்ற வழக்கறிஞர். மார்ட்டின் உயிரோடிருக்கையிலேயே, அவரைப் பலமுறை சந்தித்துப் பேசி, அந்நூலை எழுதினார். அவர் சொல்வதன்படி மார்ட்டின் பிறந்த ஊர் பன்னோனியா நாட்டுச் சபாரியா. இன்று அங்கேரியில் சோம்பத்தேய் என வழங்குவது. வளர்ந்தது இத்தாலியின் பவியாவில். தந்தை சாதாரண வீரராகச் சேர்ந்து படைத்தலைவராக உயர்ந்தவர். பெற்றோர் இருவருமே கிறிஸ்தவர் அல்லர். பத்து வயதில் சிறுவன் வீட்டாருக்கு மாறாக ஆலயத்துக்கு ஓடிப்போய், திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்வோருள் தன்னையும் சேர்க்குமாறு கேட்டானாம். பன்னிரண்டு வயதில் பாலைவனத் துறவு வாழ்வின்மேல் ஆசை. ஆனால் ஓய்வுபெற்ற வீரர்களின் மக்கள் தந்தையரின் இடத்தில் படையில் சேரவேண்டும் என்பது பேரரசின் ஆணை. பதினைந்து வயதில், சொந்தத் தந்தையே காட்டிக்கொடுக்க, அவனைப் பிடித்து விலங்கிட்டுக் கொண்டுபோய்ப் படை உறுதிமொழி செய்வித்தார்கள்.

அந்த உறுதிமொழிக்கு இலத்தீனில் வழங்கிய சொல் 'சாக்ரமெந்தும்'. திருச்சபை தன் அருளடையாளங்களைக் குறிக்க எடுத்துக்கொண்டதும் அதே சொல்தான். ஒரே சொல்லால் இரு தலைவர்களுக்குக் கட்டுப்பட்ட இளைஞனின் கதை என்று இதைச் சொல்லலாம்.

உரோமைப் படையில் சேர்ந்தவன் எளிதில் வெளியே வர முடியாது. இருபது ஆண்டுக்குமேல் பணி முடித்தவனுக்கே மதிப்புடன் கூடிய விடுவிப்பு. நோயாலும் காயத்தாலும் வருவது வேறு. குற்றத்துக்காக இழிவுடன் விரட்டப்படுவது வேறு. மதிப்புடன் வெளியேறியவனுக்குப் பேரரசு செய்த ஏற்பாடுகள் 438-இல் தொகுக்கப்பட்ட தெயோதோசியுஸ் சட்டத்தொகுப்பில் காணக்கிடக்கின்றன. கான்ஸ்டன்டைன் பேரரசரின் சட்டம் ஒன்றின்படி, ஓய்வுபெற்ற வீரன் வரியின்றி என்றென்றும் ஆண்டனுபவிக்கத் தரிசு நிலம் பெறுவான். பண்ணைக்கு வேண்டியவை வாங்க ரொக்கம், ஓர் இணை உழவு மாடு, நூறு மரக்கால் கலப்புத் தானியம் ஆகியவையும் கிடைக்கும். (மரக்கால் என்றது ஒப்புமைக்கு, அவர்களுடைய அளவின் பெயர் மோதியுஸ்.) வாணிபம் செய்ய விரும்புபவனுக்கு ஒரு தொகைவரை வரிவிலக்கு உண்டு. இவையெல்லாம் கேட்காமல் கிடைத்தவை அல்ல. அதே தொகுப்பில் இன்னொரு காட்சியும் பதிவாகியிருக்கிறது. பேரரசர் முகாமுக்குள் நுழைகையில் முதிய வீரர்கள் கூடி நின்று கூச்சலிடுகிறார்கள்: சலுகை எதுவும் இல்லையென்றால் தங்களை ஓய்வுவீரர் ஆக்கியதன் பொருள்தான் என்ன என்று. பதினேழு நூற்றாண்டுக்கு முந்தைய அக்குரல் நம் ஊர்களின் முன்னாள் படைவீரர் கூட்டங்களிலும் கேட்ட குரலாகவே ஒலிக்கிறது.

மார்ட்டின் குதிரைப்படைக் காவல் பிரிவில் சேர்க்கப்பட்டார். கூட ஒரே ஒரு பணியாளன். அவனுக்கு இவர் பணிவிடை செய்தார். அவன் காலணியைக் கழற்றித் துடைத்தார். இருவரும் சேர்ந்து உண்கையில் பெரும்பாலும் இவரே பரிமாறினார். சம்பளத்தில் அன்றாட உணவுக்கு வேண்டியது போக மீதியை ஏழைகளுக்குக் கொடுத்தார். ஆமியான் நகர வாயிலில் மேலாடையைப் பகிர்ந்ததும், அன்றிரவு கனவில் கிறிஸ்து அந்தப் பாதி ஆடையை அணிந்து தோன்றியதும் இக்காலத்தில்தான். பதினெட்டாம் வயதில் திருமுழுக்குப் பெற்றார்.

உடனே விலகியிருக்கலாம், விலகவில்லை. அவரோடு ஒரே கூடாரத்தில் தங்கியிருந்த படைத்தலைவர், தம் பதவிக்காலம் முடிந்ததும் தாமும் உலகைத் துறப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த நண்பருக்காக ஏறத்தாழ இரண்டாண்டு, பெயரளவில் வீரராக, மார்ட்டின் காத்திருந்தார் என்கிறார் சுல்பிசியுஸ். அந்த நண்பர் பின்னர் என்ன ஆனார் என்பதை அவர் சொல்லவில்லை.

இந்நிலையில்தான் அலமானியர் ரைன் ஆற்றைக் கடந்து, இன்றைய பிரான்சை உள்ளடக்கிய காலியாவில் புகுந்தனர். 355 நவம்பரில் துணைப்பேரரசராக உயர்த்தப்பட்ட யூலியான் அவர்களை எதிர்க்க அனுப்பப்பட்டார். வார்ம்ஸ் நகரருகே படை திரண்டது. ஆண்டு 356 எனப் பலரும் கணிக்கின்றனர். போருக்கு முன் வீரர்களுக்குப் பணக்கொடை வழங்குவது வழக்கம். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். மார்ட்டினின் முறை வந்தது. கொடையை வாங்க அவர் கை நீட்டவில்லை. இதுவரை உமக்குப் பணி செய்தேன், இனி இறைவனுக்குப் பணி செய்ய விடும். போரிடப்போகிறவர் இக்கொடையை வாங்கட்டும். கிறிஸ்துவின் வீரனாகிய நான் போரிடல் ஆகாது என்ற கருத்துப்பட விடுவிப்புக் கேட்டார்.

யூலியான் சீறினார். இது சமயப் பற்று அல்ல, நாளைய போருக்கு அஞ்சிய கோழைத்தனம் என்றார். உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் எந்தத் தலைவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். யூலியானை நான் இதில் குறை கூறமாட்டேன். இத்தனை ஆண்டு சம்பளம் வாங்கியவன், அமைதியாக இருந்த நாட்களிலெல்லாம் வாய் திறக்காதவன், எதிரி கண்ணெதிரே நிற்கையில் மனச்சான்று பேசுகிறான் என்றால் யார்தான் ஐயப்படமாட்டார்கள்? மார்ட்டினுக்கும் இது புரிந்திருக்கிறது. அதனால்தான் வாதம் செய்யாமல் ஒரே ஒரு வழி சொன்னார்: நாளைக் காலை ஆயுதமின்றி அணியின் முன்னால் நிற்கிறேன், கேடயமும் தலைக்கவசமும் இல்லாமல், சிலுவை அடையாளத்தின் காவலில் எதிரிப் படைக்குள் நுழைகிறேன். சொன்னபடி செய்யட்டும் என்று அவரைக் காவலில் வைத்தார்கள்.

அந்த இரவைப் பற்றிச் சுல்பிசியுஸ் எதுவும் எழுதவில்லை. பணி முடிய ஓராண்டோ ஆறு மாதமோ இருக்கையில் எல்லைப்புறத்துக்கு அனுப்பப்பட்ட கதைகளை ஓய்வுபெற்ற வீரர்கள் சொல்லக் கேட்டிருப்போம். பாதி கட்டிய வீடும், பேசி முடிக்காத மகளின் திருமணமும் ஊரில் காத்திருக்க, கடைசி நாட்களை எண்ணிக்கொண்டு பனிமலையில் நின்றவர்கள் அவர்கள். தொடக்க காலத்தில் தோன்றாத அச்சம் முடிவு நெருங்கும்போது தோன்றுமாம். மார்ட்டினுக்கு அத்தகைய அச்சம் இருந்ததா, யாருக்குத் தெரியும்.

மறுநாள் போர் நடக்கவில்லை. எதிரிகள் தூதனுப்பிச் சமாதானம் கேட்டுத் தங்களையும் தங்கள் உடைமைகளையும் ஒப்படைத்தனர் என்கிறார் சுல்பிசியுஸ். ஆயுதமற்ற தம் அடியானைப் போருக்கு அனுப்பாமலே இறைவன் காத்தார் என்பது அவர் விளக்கம். வரலாறு கற்பவர் இங்கே சற்று நிற்க வேண்டும். அக்காலத்தில் காலியாவிலேயே படைப்பணி புரிந்த அம்மியானுஸ் மார்செல்லினுஸ், யூலியானின் போர்களை விரிவாக எழுதியிருக்கிறார். வார்ம்ஸில் நிகழ்ந்த இத்தகைய சரணடைவு அவர் நூலில் இல்லை. மார்ட்டினின் பெயரும் இல்லை. முகாம் ஒன்றில் ஒரு வீரனுக்கு நேர்ந்தது போர் வரலாற்றில் இடம்பெறாமல் போவது வியப்பன்று. எனினும் இந்நிகழ்ச்சிக்கு நம்மிடம் இருப்பது ஒரே சாட்சியம் என்பதை மறைக்கக்கூடாது.

இதைவிடச் சிக்கலானது வயதுக் கணக்கு. திருமுழுக்குக்குப்பின் இரண்டாண்டு என்றால், விலகியபோது மார்ட்டினுக்கு இருபது வயது. பிறந்தது 336 அளவில். ஆனால் அதே சுல்பிசியுஸ் பின்னர் எழுதிய உரையாடல் நூலில், 385-ஐ ஒட்டிய ஒரு நிகழ்ச்சியில், மார்ட்டினை எழுபது வயதினர் என்கிறார். ஆறாம் நூற்றாண்டில் தூர் நகர ஆயராயிருந்த கிரகோரியும் கான்ஸ்டன்டைனின் பதினோராம் ஆட்சியாண்டில் மார்ட்டின் பிறந்தார் என்று எழுதுகிறார். அப்படியானால் பிறப்பு 316 அளவில். படையில் சேர்ந்தது 331 அளவில். விலகும்போது நாற்பது வயது, பணிக்காலம் இருபத்தைந்து ஆண்டு. அறிஞர்கள் இன்றும் இரு பக்கமாகப் பிரிந்தே நிற்கின்றனர்.

எனக்கு இரண்டாம் கணக்கே பொருத்தமாகப் படுகிறது. திருமுழுக்குப் பெற்றபின் ஆயுதம் ஏந்தியவர் குருத்துவ நிலைக்குத் தகுந்தவரா என்ற கேள்வி அந்நாளைய திருச்சபையில் கடுமையாக எழுந்திருந்தது. தம் ஆசிரியர் கிறிஸ்தவராகவே இருபதாண்டுக்குமேல் வாள் தரித்திருந்தார் என்று எழுதச் சுல்பிசியுஸ் தயங்கியிருக்கலாம். தயங்க வேண்டியதில்லை. நாற்பது வயது வீரர் என்று கொண்டால், நிலமும் மாடும் தானியமும் தரும் விடுவிப்பு அவருக்கு உரிமையாகவே வந்துசேர்ந்திருந்தது. ஒரு போரை மட்டும் கடந்துவிட்டால் போதும். கொடையையும் வாங்கிக்கொண்டு, பின்வரிசையில் எங்காவது நின்றுவிட்டு, சில மாதம் கழித்து மதிப்போடு வீடு திரும்பியிருக்கலாம். ஆனால் போரிட எண்ணமில்லாதவன் போருக்கான பணத்தை வாங்குவது நேர்மையாகாது என்று அவர் கருதினார். அவர் வாய் திறந்தது பணம் கைக்கு வந்த வேளையில் என்பதைக் கவனித்தால், கோழை என்ற பழி ஓரளவு கரைகிறது.

அவருக்கு முன்பும் மறுத்தவர்கள் உண்டு. 295-இல் வட ஆப்பிரிக்காவின் தெபெஸ்தேயில், ஓய்வுபெற்ற வீரர் ஒருவரின் மகனான மாக்சிமிலியான் படையில் சேர மறுத்துத் தலை வெட்டுண்டார்; வயது இருபத்தொன்று. 298-இல் மார்செல்லுஸ் என்ற நூற்றுவர் தலைவர் தம் இடைக்கச்சையைக் கழற்றி எறிந்து கொல்லப்பட்டார். பேரரசர் கிறிஸ்தவரானபின் நிலைமை தலைகீழாயிற்று: 314-இல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்கள், அமைதிக் காலத்தில் ஆயுதத்தை எறிபவர்களை நற்கருணையிலிருந்து விலக்கினர். மார்ட்டின் இவ்விரு காலங்களுக்கும் இடையில் அகப்பட்டவர். மறைசாட்சியாகும் வாய்ப்பும் அவருக்கு இல்லை. மன்னிப்புக் கேட்காமல் விலகும் வழியும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், கிறிஸ்தவ வீரனைக் கோழை என்று ஏசிய யூலியான் அப்போது வெளிப்பார்வைக்குக் கிறிஸ்தவர். மனத்துள் பழைய தெய்வங்களுக்குத் திரும்பியிருந்தும், 361-ஆம் ஆண்டின் திருக்காட்சி விழாவில்கூட வியன் நகர ஆலயத்தில் மக்களோடு நின்று வழிபட்டார்.

விடுவிப்புக்குப்பின் மார்ட்டின் நிலம் கேட்டதாகச் செய்தி இல்லை. புவாத்தியே நகர ஆயர் இலாரியிடம் போனார். திருத்தொண்டராகச் சொன்னபோது தகுதியில்லை என்று மறுத்து, பேயோட்டுநர் என்ற தாழ்ந்த பணியை ஏற்றார். பிறகு நெடுவழி நடந்து பெற்றோரைப் பார்க்கப் போனார். தாய் மனம் மாறினார். தந்தை மாறவில்லை. மகனை விலங்கிட்டு அனுப்பிய அந்த முதிய வீரரின் வாசலில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்களோ! 361-இல் லிகுஜேயில் துறவு இல்லம். 371-இல் தூர் நகர ஆயர் பதவி. அதற்கும் அவரை ஏமாற்றியே வரவழைத்தார்கள்; கலைந்த தலையும் அழுக்கு உடையுமாக இருக்கிறார் என்று சில ஆயர்கள் முகம் சுளித்தனர். திரியர் நகரில், தப்பறை குற்றம் சாட்டப்பட்ட பிரிசில்லியானைக் கொல்ல வேண்டாம் என மாக்சிமுஸ் பேரரசரிடம் அவர் மன்றாடினார். மன்றாட்டு பலிக்கவில்லை. இரத்தம் சிந்துவதைக் குறித்து முன்னாள் படைவீரர் ஒருவர் அரசனிடம் பேசினார் என்பதை நினைவில் வைத்து அப்பகுதியைப் படிக்க வேண்டும்.

அவருடைய மேலாடை என்று போற்றப்பட்ட துணியைப் பிராங்கு அரசர்கள் பாதுகாத்தனர். சிறு மேலாடையைக் குறிக்கும் 'காப்பெல்லா' என்ற சொல்லிலிருந்தே அதைக் காத்த குருக்களுக்குப் பெயர் வந்தது. இன்று படைமுகாம்களில் பணியாற்றும் குருவைச் சாப்ளின் என்கிறோமே, அது அந்தச் சொல்தான்.

397 நவம்பரில், காந்த் என்ற சிற்றூரின் குருக்களிடையே எழுந்த பிணக்கைத் தீர்க்கப்போன இடத்தில் மார்ட்டின் நோயுற்றார். சாம்பல்மேல் மல்லாந்து கிடந்தார். பக்கம் திருப்பிப் படுக்கச் சொன்னதற்கும் இசையவில்லை. சீடர்கள் தங்களை விட்டுப் போகவேண்டாம் என்று அழுதனர். அப்போது அவர் செய்த மன்றாட்டைச் சுல்பிசியுஸ் ஒரு கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். முழுவதும் படைவீரனின் மொழி. உடலோடு செய்த போர் நீண்டு களைப்பாகிவிட்டது. ஆயினும் முகாமின் முன் இன்னும் காவல் நிற்கச் சொன்னால், வயதைக் காரணம் காட்டமாட்டேன், உம் கொடியின்கீழ் நிற்பேன் என்று சொன்னாராம். வார்ம்ஸில் விடுவிப்புக் கேட்டவர், இம்முறை கேட்கவில்லை.