கொந்தளிப்பின் கதை – 17: கம்பி சொன்ன சாட்சி

1942-ஆம் ஆண்டு. போரால் சோவியத் விஞ்ஞானிகள் கசான் நகரத்துக்கு இடம்பெயர்ந்திருந்த காலம். கொல்மொகோரோவ் தம் கொந்தளிப்புக் கோட்பாட்டை விளக்கி முடித்ததும் லாண்டாவ் ஓர் ஆட்சேபம் எழுப்பினார். சென்ற வாரம் அந்த இடத்தில்தான் நிறுத்தினோம். கொந்தளிக்கும் ஓட்டத்தில் ஆற்றல் எங்கும் ஒரே சீராகக் கரைவதில்லை, திட்டுத் திட்டாகக் கரைகிறது என்பதே ஆட்சேபத்தின் சாரம்.

கொல்மொகோரோவின் பதில் அச்சேற இருபது ஆண்டுகள் ஆயின. ஆற்றல் கரையும் வீதம் மடக்கை இயல்நிலைப் பரவலைப் பின்பற்றும் என்றார் 1962-இல். அந்தப் பரவல் அவருக்குப் பழக்கமானது. 1941-இலேயே, உடைபடும் துகள்களின் அளவுகளுக்கு அது பொருந்துவதைக் காட்டியிருந்தார். கல்லை உடைத்துக்கொண்டே போனால் ஒவ்வோர் அடியிலும் அளவு ஏதோ ஒரு பின்னத்தால் பெருக்கப்படுகிறது. பெருக்கல் மடக்கையில் கூட்டலாகிவிடும். தற்செயலான எண்கள் பல சேர்ந்து கூடினால் மணி வடிவ வளைகோடு பிறக்கும். ஆக, அளவுகளின் மடக்கை மணி வடிவில் அமையும். அளவுகளோ ஒரு பக்கம் நீண்ட வாலோடு நிற்கும். பெருஞ்சுழி சிறுசுழிகளாகச் சிதைவதும் இதே கணக்குத்தான் என்பது வாதம். அழகான வாதம். ஆனால் காற்று ஒத்துக்கொள்ள வேண்டுமே?

இனி நம் கதை பெங்களூருக்கு வருகிறது.

ஊரார் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று அழைக்கும் இந்திய அறிவியல் கழகத்தில், சதீஷ் தவான் 1951-இல் சேர்ந்தது முதல் காற்றோட்ட ஆய்வு வேர்பிடித்திருந்தது. அவருடைய மாணவர் ரொத்தம் நரசிம்மா, பெங்களூரில் பிறந்தவர், கால்டெக்கில் முனைவர் பட்டம் பெற்று 1962-இல் திரும்பி வந்தார். அவரும் நரஹரி ராவும் பத்ரி நாராயணனும் கையில் எடுத்த கருவி, மின்சாரத்தால் சூடேற்றிய மெல்லிய கம்பி. காற்று வேகமாக வீசினால் கம்பி கூடுதலாகக் குளிரும். அந்த மாற்றம் மின்குறியாகப் பதிவாகும்.

இதற்குச் சற்று முன், 1967-இல், ஸ்டான்ஃபோர்டில் கிளைனும் கூட்டாளிகளும் தண்ணீரில் ஹைட்ரஜன் குமிழிகளை விட்டுப் பார்த்து ஒரு விந்தையைக் கண்டிருந்தார்கள். சுவரை ஒட்டி மெதுவாக நகரும் நீர் திடீரென மேலெழும்பி வெடிப்பதுபோல் சிதறுகிறது, பின் அடங்குகிறது, மறுபடி வெடிக்கிறது. காற்றில் இப்படிக் குமிழி விட்டுப் பார்க்க வழியில்லை. பெங்களூர்க்காரர்கள் மின்குறியை வடிகட்டி, ஒரு குறுகிய அதிர்வெண் பட்டையை மட்டும் விட்டுவைத்தார்கள். அமைதி, துடிப்பு, மறுபடி அமைதி. எது ஒரு வெடிப்பு, எது அதன் வால் என்று பிரிப்பது எளிதாக இல்லை. அந்தச் சிரமத்தை அவர்கள் கட்டுரையிலேயே எழுதிவைத்தார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்கு அந்தக் கட்டுரை மேல் தனி மதிப்பு.

1971-இல் அது ஜர்னல் ஆஃப் ஃபுளூயிட் மெக்கானிக்ஸ் இதழில் வெளிவந்தது. இரண்டு வெடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரங்கள் மடக்கை இயல்நிலைப் பரவலில் விழுந்திருந்தன! பெரும்பாலான இடைவெளிகள் சராசரியைவிடக் குறுகியவை. எப்போதாவது வரும் நீண்ட அமைதிகள்தாம் சராசரியை மேலே இழுக்கின்றன. லாண்டாவும் கொல்மொகோரோவும் பேசிய திட்டுகளே இந்த வெடிப்புகள் என்று மூவரும் கருத்துச் சொன்னார்கள்.

அதைவிடத் துணிச்சலானது அடுத்த முடிவு. வெடிப்பு நடப்பது சுவரோரம். அதன் காலத்தையும் சுவரோர நிலைமையே ஆளும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அளவீடு வேறு சொன்னது. சுவரை ஒட்டிய காற்றுப் படலத்தின் முழுத் தடிமனும், அதற்கு வெளியே ஓடும் காற்றின் வேகமுமே சராசரி இடைவெளியை நிர்ணயித்தன. உள்ளே நடப்பதற்கு வெளியிலிருந்து தாளம்!

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1983-இல், அதே இதழில் பிளாக்வெல்டரும் ஹரிடோனிடிஸும் எழுதினார்கள். கம்பியின் நீளத்தை மாற்றி மாற்றி அளந்திருந்தார்கள். நீண்ட கம்பி, தன் நீளத்தைவிடச் சிறிய துடிப்புகளைச் சராசரியாக்கி விழுங்கிவிடுகிறது. போதிய அளவு குட்டையான கம்பியால் அளந்தால் தாளம் சுவரோரத்திலிருந்தே வருகிறது என்றது அவர்களின் முடிவு.

அப்படியானால், பெங்களூரின் கம்பி எத்தனை வெடிப்புகளை விழுங்கியிருந்தது?

(தொடரும்)