ஷிப்ட்

மன்னார் பஜாரில் விண்ணப்பம் அடித்துக்கொடுக்கும் கடைகளில் புதிதாகப் பழகுபவருக்கு, “ஷிப்டைப் பிடிச்சுக்கொண்டு அடியுங்கோ” என்பார்கள். பிடித்திருக்கும்வரைதான் அதன் வேலை.

ஆங்கிலத்தில் ‘நகர்த்து’ என்பது பொருள். 1878இல் வந்த ரெமிங்டன் 2 தட்டச்சுப்பொறியில் ஒவ்வொரு அச்சுக்கரத்தின் நுனியிலும் இரண்டு எழுத்துகள் இருந்தன. ஷிப்டை அழுத்தினால் தாளைத் தாங்கும் உருளையே இடம்பெயரும். சிறிய எழுத்து விழுமிடத்தில் பெரியது விழும். யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா தமிழ்ப் பொறிக்குத் தந்ததோ ‘நகரா விசை’: புள்ளியை அடித்தாலும் உருளை நகராது, அதே இடத்தில் மெய்யை அடிக்கலாம். எவ்வளவு அழகான பெயர்!

கணினியில் எதுவும் நகர்வதில்லை. அழுத்தியது ஒரு செய்தி, விட்டது இன்னொரு செய்தி. இடையில் வேறு சாளரத்துக்குத் தாவினால் இரண்டாவது செய்தி தவறிவிடும். விசை இன்னும் அழுந்தியிருப்பதாகவே மென்பொருள் எண்ணிக்கொண்டிருக்கும். ஆகவே அந்தக் கணத்து நிலையை இயங்குதளத்திடமே கேட்பது நல்லது. விசையின் பெயரை மட்டும் நம்பவும் முடியாது. பல இயங்குதளங்களுக்கும் எழுத உதவும் கியூட்டி நூலகத்தில், ‘கொன்ட்ரோல்’ என்று குறிப்பது மக் கணினியில் வழமையாகக் கொமாண்ட் விசையை.