இருதய நோயை முன்னறிந்த வரலாறு

வருமுன் காத்தல் அறிவுடையோர் செயல் என்பர். ஆயின், வருவது யாருக்கு என்பதை அறியாதார் காப்பது எங்ஙனம்? முடியுரு நாடிகள் அடைபடுவதால் எழும் இருதய நோயைப் பொறுத்தவரை, இவ்வினாவுக்கு விடைதேடிய பெருமுயற்சி அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்திலுள்ள பிறேமிங்காம் என்னும் நகரிலே தொடங்கிற்று.

1945ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் சனாதிபதி றூஸ்வெல்ற் மூளையிற் குருதி கசிந்து மாண்டார். அவரது குருதியமுக்கம் பல்லாண்டுகளாக உயர்ந்து வந்தது. எனினும், வயது ஏற அமுக்கமும் ஏறுதல் இயல்பே எனக் கருதிய மருத்துவர் அக்காலத்திற் பலர். 1948இல் தேசிய இருதயச் சட்டம் நிறைவேறியது. பிறேமிங்காம் ஆய்வும் அவ்வாண்டே ஆரம்பமாயிற்று.

நோயுற்றவரைக் கண்டபின் காரணம் தேடுவதே பழைய முறை. இவ்வாய்வோ அதனைத் தலைகீழாக்கிற்று. நகரமக்களுள் 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்து, ஈராண்டுக்கு ஒருமுறை பரிசோதித்து, அவருள் யார் நோயுறுகின்றார் என்று காத்திருந்தனர் ஆய்வாளர். தோமஸ் டோபர், வில்லியம் கனல் முதலியோர் இப்பணியை நடத்தினர். 1961இல் வெளியான கட்டுரையொன்று, உயர் குருதியமுக்கமும் மிகுந்த கொலஸ்திரோலும் நோய்க்கு முன்னோடிகள் எனக் காட்டிற்று. ‘அபாயக் காரணி’ என்னும் கருத்து மருத்துவ உலகில் வேரூன்றியது இவ்வாய்வினாலேயே. 1967இல் கோன்பீல்ட் என்னும் புள்ளிவிபரவியலாளரும் பிறரும் பல காரணிகளை ஒருங்கே நிறுத்துக் கணிக்கும் வழியைக் காட்டினர். வயது, பால், குருதியமுக்கம், கொலஸ்திரோல், நீரிழிவு, புகைத்தல் ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டு, பத்தாண்டு அபாயத்தை மதிப்பிடும் அட்டவணை 1998இல் வெளிவந்தது.

இக்கணிப்பைச் சாதகமெனக் கொள்ளலாகாது. ஒருவரின் அபாயம் நூற்றுக்கு இருபது எனின், அவரையொத்த நூறு பேரிற் சுமார் இருபதின்மர் பத்தாண்டினுள் நோயுறுவர் என்பதே பொருள். அவ்விருபதின்மர் யாவர் என அது கூறாது. மேலும், அந்நகரத்தார் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். ஆதலின், பிரித்தானியாவில் வாழும் தென்னாசியருக்கு அதே கணக்கைப் பொருத்தியபோது, அவர்தம் அபாயம் குறைத்தே மதிப்பிடப்பட்டது. இக்குறையை நோக்கி, 2008இல் அங்கு வெளியான புதிய கணிப்புமுறை இனவழியையும் சேர்த்துக்கொண்டது. ஓரூரின் அளவுகோல் எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பது நாம் மறக்கலாகாத பாடம்.

எனினும், சாதகத்தில் இல்லாத ஒரு நன்மை இக்கணிப்பில் உண்டு. புகைத்தலைக் கைவிட்டு, அமுக்கத்தைத் தணித்தால் அபாயமும் குறையும். தமக்கு உடனடிப் பயன் இல்லையெனினும் பரிசோதனைக்கு மீண்டும் மீண்டும் வந்து, 1971 முதல் தம் மக்களையும் அதிற் சேரவிட்ட அந்நகரத்துச் சாதாரண மனிதரே இவ்வறிவை உலகுக்கு ஈந்தவராவர்.