மலைமேல் வந்த 'நிமோனியா'

உயரமான மலையில் திடகாத்திரமான ஆள் திடீரென்று மூச்சுத் திணறிச் செத்துப்போனால், ரொம்ப காலம் அதற்கு நிமோனியா என்றுதான் பெயர். குளிர்தான் காரணம்னு சொல்லிவிடுவார்கள்.

1891-ல் மோன் பிளாங்க் மலையில், சுமார் 4,350 மீட்டரில் இருந்த வல்லோ குடிலில் ஜாகோத்தே என்ற டாக்டர் தங்கினார். உடம்புக்கு முடியாமல் போயும் இறங்கவில்லை. உயரம் என்ன செய்கிறதென்று தன்மேலேயே பார்க்க நினைத்தவர், அங்கேயே இறந்தார். பிரேதப் பரிசோதனையில் நுரையீரலில் நீர். விடை அப்பவே கையில் இருந்தது!

பெரு நாட்டு மருத்துவர்கள் பின்னாளில் ஸ்பானிஷில் எழுதினார்கள். வெளியுலகம் கண்டுகொள்ளவில்லை. 1960-ல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன் ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் இது பரவலாகத் தெரிந்தது.

நடப்பது இதுதான்: ஆக்ஸிஜன் குறைந்ததும் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அழுத்தம் ஏறி, நுண்குழாய்களிலிருந்து காற்றறைக்குள் நீர் கசியும். கிருமியே கிடையாது. நிமோனியா என்று நினைத்து மேலேயே படுக்க வைத்தால் ஆள் போய்விடுவார். உடனே கீழே இறக்கணும்.

1962 போரில் சமவெளி வீரர்களை அவசரமாக இமயத்துக்கு ஏற்றினோம். நோய் கூட்டம் கூட்டமாக வந்தது. இந்தர் சிங் குழு 1969-ல் வெளியிட்ட ஆய்வில் மலைநோய் கண்ட வீரர்கள் மட்டும் 1,925 பேர்.

இன்று லேயில் இறங்கும் ராணுவ வீரருக்கு, மேலே போகும் முன் ஆறு நாள் உடம்பைப் பழக்குகிறார்கள். சில டூர்காரர்களோ மறுநாளே கர்துங் லா கூட்டிப்போறாங்க.