திருப்பூர் ஜாப் ஒர்க் முறை

ஏற்றுமதி நிறுவனம் ஒன்று தனக்குக் கிடைத்த பின்னலாடை ஆர்டரைப் பல உரிமையாளர்களின் பட்டறைகளுக்குக் கூலிக்குப் பங்கிட்டுக் கொடுத்து, முடிந்ததை ஒரே சரக்காகச் சேர்த்து அனுப்பும் ஏற்பாடே திருப்பூரின் ஜாப் ஒர்க் முறை. நூலும் துணியும் கடைசிவரை ஆர்டர் எடுத்தவருடையவை. கூலிக்குச் செய்பவர் தருவது எந்திரமும் ஆளும்தான். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், காஜா பட்டன், அயர்ன் என ஒவ்வொரு வேலைக்கும் ஊரில் தனித்தனிக் கம்பெனிகள் உண்டு. எல்லாவற்றையும் சொந்தமாக வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களும் சீசனில் வெளியே வேலை கொடுக்கின்றன.

உள்நாட்டு பனியன் தொழிலில் வேரூன்றிய இம்முறை, 1978இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வந்து டி-ஷர்ட் வாங்கத் தொடங்கிய பின் ஏற்றுமதிக்கும் முதுகெலும்பானது. சுற்றுக் கிராமங்களில் உழவும் கூலியுமாக இருந்த கவுண்டர்கள் பட்டறை உரிமையாளர்களான கதையை ஷரத் சாரி 2004இல் வெளியான தம் ஆய்வு நூலில் விரிவாகச் சொல்கிறார். கூட்டாளியைத் தேடும்போது உறவினர், ஊர்க்காரர், ஒரே கம்பெனியில் சேர்ந்து வேலை பார்த்தவர் என்ற வட்டம் முதலில் வருவதற்கு இதுவே காரணம்.

எந்த வேலையைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது என்று தெரிவதில்தான் பங்கீட்டின் திறமை இருக்கிறது. 30,000 டி-ஷர்ட், மூன்று கலர் என்று ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். ஒன்று 150 கிராம் என்றால் ஆடையின் எடை மட்டும் 4,500 கிலோ. கட்டிங் வேஸ்ட்டும் சாயத்தில் குறையும் எடையும் சேர்ந்தால் நூல் 5,000 கிலோவைத் தாண்டும். நிட்டிங்கை இரண்டு மூன்று இடங்களில் ஓட்டலாம். ஆனால் ஒரு கலருக்கான துணி முழுவதும் ஒரே லாட் நூலில், ஒரே கேஜில், ஒரே லூப் நீளத்தில் ஓட வேண்டும். லாட் கலந்தால் சாயம் ஏறிய பிறகு துணியில் பட்டை தெரியும்.

சாயத்தைப் பிரிப்பது அதைவிட ஆபத்து. ஒரே பட்டறையில் அடுத்தடுத்து இறங்கும் இரண்டு லாட்டிலேயே நிறம் மெல்ல மாறும்போது, இரண்டு பட்டறைகள் ஒரே நீலத்தைப் பிடிப்பது அரிது. அதனால் ஒரு கலர் முழுவதும் ஒரே சாயப் பட்டறைக்குப் போகும். கழுத்துக்கான ரிப் துணியும் உடல் துணியோடு ஒரே தொட்டியில் இறங்க வேண்டும். வந்த துணியில் ரோலுக்கு ஒரு கையளவு வெட்டி, வரிசையாகத் தைத்து, லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு துண்டு மட்டும் மங்கித் தெரிந்தால் அந்த ரோலைத் தனியாக வைத்துவிட வேண்டும். அதன் கை வேறு ரோலின் உடலோடு சேர்ந்துவிட்டால் ஆடை தரம் குறைந்த செகண்ட்ஸ்தான்.

தையலைத் தாராளமாகப் பிரிக்கலாம். கட்டிங்கை ஒரே இடத்தில் முடித்து, பண்டல் கட்டி, டெலிவரி சலானில் எண்ணிக்கை எழுதி, பவர் டேபிள் எனப்படும் தையல் பட்டறைகளுக்கு அனுப்புவார்கள். நாளொன்றுக்குத் தலா 1,000 பீஸ் தைக்கும் மூன்று டேபிள்கள் ஆளுக்கொரு கலர் எடுத்தால் வேலை பத்து நாளில் முடிந்துவிடும். தையல் கூலியை உரிமையாளர் சங்கங்கள் பேசிப் பல ஆண்டு ஒப்பந்தமாக முடிவு செய்துகொள்வதும் உண்டு.

கூலி குறைவு என்பதற்காக மட்டும் ஆர்டரை நடத்தும் அனுபவமுள்ள மெர்ச்சண்டைசர் யாருக்கும் வேலை கொடுக்க மாட்டார். அங்கே இந்த வாரம் எத்தனை எந்திரம் காலி, தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பிவிட்டார்களா, போன ஆர்டரில் எத்தனை பீஸ் குறைந்தது என்றுதான் முதலில் விசாரிப்பார். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டு 700க்கும் மேற்பட்டவை நின்றபோது, துணி வெளியூர்களுக்குச் சாயத்துக்குப் போனது. சாயக் கழிவால் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்கு ஊர் கொடுத்த விலை அது. சாயத்துக்கு அனுப்பும்போது, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத பட்டறையா என்பது அன்றிலிருந்து முதல் கேள்வியாகிவிட்டது.

2013 ஏப்ரலில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபின், ஆடை எங்கே தைக்கப்படுகிறது என்று வெளிநாட்டு பையர்கள் கேட்பது கூடியது. தங்களுக்குத் தெரிவிக்காமல் வேறு யூனிட்டுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று பலர் நிபந்தனை போடுகின்றனர். ஆர்கானிக் ஆடைக்கான காட்ஸ் சான்றிதழுக்கோ கூலிப் பட்டறைகளும் தணிக்கைக்குள் வந்தாக வேண்டும். தெரிந்தவர் என்ற ஒரே தகுதி இங்கே செல்லாது.

தாமதத்தின் சுமை இம்முறையில் சமமாக விழுவதில்லை. நூல் நான்கு நாள், சாயம் ஆறு நாள் தள்ளிப் போனாலும் கப்பல் தேதி மாறாது. இழந்த பத்து நாளையும் பவர் டேபிள்காரர் இரவு ஷிஃப்டில் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. முடியாமல் சரக்கு விமானத்தில் போனால், அந்தச் செலவில் ஒரு பங்கு டெபிட் நோட்டாக அவர் தலையிலேயே விழுவதுண்டு. இது அநியாயம்.

கூலிப் பணத்துக்காவது சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் கூட்டு வட்டி உண்டு. காலம் கடந்தும் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவும் 2024 ஏப்ரல் முதல் இறுக்கப்பட்டது. ஆனால் அரசின் உத்யம் பதிவு இல்லாமல், வாய்ப் பேச்சில் பண்டலை வாங்கித் தைக்கும் சிறு டேபிள்களுக்கு இந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை.